மரம் எழுதிய நீர்க்கணக்கு: சட்லெஜ் கரையில் எட்டு நாட்கள்

செப்டம்பர் 29, 2024, ஞாயிறு: சிம்லாவிலிருந்து ராம்பூர்

காவிரி டெல்டாவில் 31 ஆண்டுகள் நீரளவு பார்க்கும் வேலையில் இருந்தேன். காலை ஆறு மணிக்கு அளவுக் கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, அதைக் கன அடியாக மாற்றி மேலிடத்துக்குச் சொல்வதில்தான் என் நாள் தொடங்கும். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மரவளையங்களைக் கொண்டு பழைய காலத்து ஆற்று நீரோட்டத்தைக் கணக்கிடும் ஆய்வில் இருக்கும் என் அண்ணன் மகள், "சித்தப்பா, நீங்க கம்பத்துல படிச்சதை நாங்க மரத்துல படிக்கறோம், ஒரு தடவை வந்து பாருங்க" என்று ஓராண்டாகவே அழைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குழு இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மலைகளுக்குக் கிளம்பிய இந்த முறை நானும் சேர்ந்துகொண்டேன். குழுவில் அவளையும் சேர்த்து மூன்று மாணவர்களும், அவர்களை வழிநடத்தும் பேராசிரியரும் இருக்கிறார்கள்.

நார்கண்டாவைத் தாண்டிச் சாலை இறங்கத் தொடங்கிய பிறகுதான் சட்லெஜ் கண்ணில் பட்டது. மேலிருந்து பார்க்கையில் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடப்பது போலத் தெரிந்த ஆறு, கரைக்கு இறங்கியதும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு இரைந்தது. கயிலை மலைக்கு அருகே ராக்ஷஸ்தால் ஏரிப் பகுதியில் தொடங்கி, திபெத்தின் வறண்ட மேட்டு நிலத்தைக் கடந்து, ஷிப்கி கணவாய்க்கு அருகில் இந்தியாவுக்குள் நுழைந்து வரும் தண்ணீர் அது.

ராம்பூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. குளிருக்காக எடுத்து வந்த கம்பளி உடைகளையெல்லாம் கழற்றிவிடும் அளவுக்குப் புழுக்கம். ஆற்றை ஒட்டிய ஒரு சிறிய கடையில் சித்து சாப்பிட்டோம். புளிக்க வைத்த கோதுமை மாவுக்குள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்து, மேலே தாராளமாக நெய் ஊற்றித் தருகிறார்கள். ஒன்று 80 ரூபாய், ஒன்றுக்கு மேல் என்னால் முடியவில்லை. ஆற்றில் வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், 2000-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி இரவு வந்த வெள்ளத்தின் உயரத்தை எதிர்க்கரையில் ஒரு பாறையைக் காட்டி விளக்கினார். அந்தப் பாறை இன்றைய நீர்மட்டத்திலிருந்து நான்கு மாடி உயரத்தில் இருந்தது. அன்று ராம்பூரில் மழையே இல்லை, தண்ணீர் முழுவதும் மேலே திபெத்திலிருந்து வந்தது என்று அவர் இரண்டு முறை சொன்னார். அந்த இரவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

செப்டம்பர் 30, திங்கள்: சாலையில் நான்கு மணி நேரம்

வாங்டுவுக்குச் சற்று முன்னால் மலைச்சரிவு விழுந்து சாலை அடைபட்டது. எங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பிள் பெட்டிகள் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. இது அறுவடைக் காலம். ஒரு நாள் தாமதமானால் சந்தையில் விலை விழும் என்ற கவலை ஓட்டுநர்களின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தபோதும், ஒருவர் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு ஆப்பிள்கள் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். கடித்தபோது சாறு முழங்கை வரை வழிந்தது.

பாறைகளை இயந்திரம் ஒதுக்கும் வரை நான்கு மணி நேரம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில்தான் என்னிடம் ஊறிக் கிடந்த ஒரு தவறான எண்ணம் நீங்கியது. ஆற்றங்கரையில் நிற்கும் மரம் ஆற்று நீரைக் குடிப்பதால் ஆறு பெருகிய ஆண்டில் அதன் வளையமும் தடிக்கும், அதைத்தான் இவர்கள் அளக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அண்ணன் மகள் எதிர்ச்சரிவைக் காட்டினாள். ஆற்றிலிருந்து பல நூறு மீட்டர் உயரத்தில், மண்ணே இல்லாத பாறை வெடிப்புகளில் மரங்கள் தனித்தனியாக நின்றன. ஆற்றங்கரை மரத்துக்கு எப்போதும் தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருப்பதால் அதன் வளையங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை, அதனால் அது இந்த ஆய்வுக்கு உதவாது என்றாள். மேலே பாறையில் நிற்கும் மரமோ குளிர்காலத்தில் விழுந்த பனி உருகி மண்ணில் விட்டுச்செல்லும் ஈரத்தையே நம்பி வாழ்கிறது. அதே பனி உருகித்தான் சட்லெஜ்ஜுக்கும் வருகிறது. இந்த ஆற்றின் ஆண்டு நீரில் பாதிக்கும் மேல் பனியும் பனியாறும் உருகி வருவதுதான்.

"மரம் ஆத்தைக் குடிக்கல சித்தப்பா. ரெண்டும் ஒரே பானையிலேர்ந்து குடிக்குது. பானையில எவ்வளவு இருந்ததுன்னு ஒருத்தர்கிட்ட கேட்டா இன்னொருத்தரோட கணக்கும் தெரிஞ்சிடும்" என்றாள். 31 ஆண்டுகள் நீரளவு பார்த்த எனக்கு, ஆற்றைத் தொடாத ஒன்று ஆற்றின் கணக்கை வைத்திருக்க முடியும் என்பது அதுவரை தோன்றியதே இல்லை.

இருட்டிய பிறகுதான் ரெக்காங் பியோ போய்ச் சேர்ந்தோம். சூடான துக்பா ஒரு கிண்ணம் 100 ரூபாய். அதைக் குடித்து முடிக்கும் வரை யாரும் எதுவும் பேசவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்: கல்பா

பியோவிலிருந்து சற்று மேலே, ஏறக்குறைய 2,960 மீட்டர் உயரத்தில் கல்பா இருக்கிறது. எனக்குத் தலைவலி. பேராசிரியர் என் முகத்தைப் பார்த்ததும் இன்று ஓய்வு என்று சொல்லிவிட்டார். விடுதி நடத்தும் அம்மாள், நான் கேட்காமலேயே மணிக்கு ஒரு தரம் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய மொழி தெரியாது. டம்ளர் காலியாகிவிட்டதா என்று அவர் எட்டிப் பார்ப்பதும், ஆகிவிட்டது என்று நான் காட்டுவதுமாக அன்றைய பகல் கழிந்தது.

எதிரே கின்னர் கைலாஷ், 6,050 மீட்டர். மாலையில் வெயில் இறங்கும்போது மலை சிவந்து, பிறகு சாம்பலாகி, அதன் பிறகும் வெகுநேரம் வெளிச்சம் விடாமல் நின்றது.

அக்டோபர் 2, புதன்: நியோசா

காந்தி ஜெயந்தி விடுமுறை. வனத்துறை அனுமதி கையில் இருந்தாலும் உடன் வரவேண்டிய வனக்காவலர் நாளைதான் வருவார் என்பதால், பக்கத்துக் கிராமத்துக்கு நடந்து போனோம்.

சில்கோசா என்று கடைகளில் விற்கும் பைன் கொட்டையை இங்கே நியோசா என்கிறார்கள். இப்போது அதன் அறுவடை. நீண்ட கழியின் முனையில் கொக்கி கட்டிக் காய்களை இழுத்துப் பறித்து, முற்றத்தில் குவித்து வைத்திருந்தார்கள். காயை உரித்துக் கொட்டை எடுக்கும் பெண்களின் கைகள் பிசினால் கறுத்திருந்தன. அந்தப் பிசின் சோப்புக்குப் போகாதாம், எண்ணெய் தேய்த்துத்தான் கழுவ வேண்டுமாம். ஒரு பாட்டி எனக்கு ஒரு கைப்பிடி கொட்டையை நெருப்பில் வாட்டிக் கொடுத்தார். பாலும் பிசினும் கலந்தது போன்ற ஒரு வாசனை. கிலோ 1,600 ரூபாய் என்றார்கள். கால் கிலோ வாங்கினேன்.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்தியது. நடந்து வந்த சரிவு முழுவதும் வயதான மரங்களே இருந்தன, இளங்கன்றுகளைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. கொட்டைகள் ஏறத்தாழ முழுமையாகப் பறிக்கப்பட்டுவிடுகின்றன. தப்பித்து முளைப்பதை ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன. இந்த மக்களின் குளிர்காலச் செலவுக்கு இந்தக் கொட்டைதான் பணம் என்பதும் உண்மை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் நாளை நாங்கள் படிக்கப்போகும் ஏட்டுக்குப் பின்னால் புதிய பக்கங்கள் சேரவில்லை என்பதை நினைக்க வருத்தமாக இருந்தது.

அக்டோபர் 3, வியாழன்: சரிவில்

காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். வெயில் சுள்ளென்று அடித்தாலும், நிழலில் நின்றால் விரல் விறைத்தது. இரண்டு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு, காலை வைத்தால் சரளை சரியும் ஒரு செங்குத்தான இடத்தில் பேராசிரியர் நின்றார். அங்கே நின்ற சில்கோசா மரத்தைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பத்து மீட்டர் உயரம்கூட இல்லை, உச்சி காய்ந்துபோயிருந்தது, ஒரு பக்கம் பட்டை உரிந்திருந்தது. அவர்களோ அதைப் பார்த்துத்தான் மகிழ்ந்தார்கள். கொழுத்து வளர்ந்த மரம் கஷ்டத்தை எழுதி வைப்பதில்லை. முறுக்கிக்கொண்டும் குட்டையாகவும் நிற்கும் மரம்தான் பெரும்பாலும் வயதானதாகவும், ஒவ்வொரு வறட்சியையும் உடலில் வாங்கிக்கொண்டதாகவும் இருக்குமாம். கின்னௌரின் சில்கோசா மரங்களில் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும் வளையத் தொடர் கிடைத்திருக்கிறது.

துளைக்கும் கருவியை இவர்கள் போரர் என்கிறார்கள். உள்ளே குழலாக இருக்கும் எஃகுத் தண்டு, முனையில் திருகுமரை, பின்னால் குறுக்கே ஒரு கைப்பிடி. திருகுமரையில் தேன்மெழுகைத் தடவி, மரத்தின் மார்பளவு உயரத்தில் வைத்து அழுத்தித் திருகவேண்டும். சரிவின் மேற்பக்கத்திலோ கீழ்ப்பக்கத்திலோ துளைக்கக் கூடாது. சாய்ந்து நிற்கும் ஊசியிலை மரம் தன்னைத் தாங்கிக்கொள்ளக் கீழ்ப்பக்கத்தில் தடித்த கட்டையைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், அந்தப் பக்கத்து வளையத்தின் அகலம் ஈரத்தை மட்டும் சொல்லாது. அதனால் பக்கவாட்டில், எதிரெதிரே இரண்டு இடங்களில் துளைக்கிறார்கள்.

எனக்கும் ஒரு முறை திருகக் கொடுத்தார்கள். முதல் பத்துச் சுற்றுகள் எளிது. பிறகு மரம் கருவியைப் பிடித்துக்கொண்டது. தோள் வலிக்க வலிக்கத் திருகினேன். தேவையான ஆழம் போனதும், ஒரு மெல்லிய தகட்டைக் குழலுக்குள் செலுத்தி, கைப்பிடியைப் பின்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றி, தகட்டை மெதுவாக இழுத்தாள் அண்ணன் மகள். பென்சிலைவிட மெல்லிய, ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு குச்சி வெளியே வந்தது. இதைக் கோர் என்கிறார்கள். பட்டைப் பக்கம் ஈரமாக, வெளிறியிருந்தது. உள்ளே போகப் போகச் செம்பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனபோது நேற்று அந்தப் பாட்டி வாட்டிக் கொடுத்த கொட்டையின் அதே வாசனை.

அவள் தன் கையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள். வெளிறிய பட்டை ஒன்று, அதை ஒட்டிக் கருஞ்சிவப்பான மெல்லிய கோடு ஒன்று, மறுபடியும் வெளிறிய பட்டை. வேனிலின் தொடக்கத்தில் வேகமாக வளர்ந்த கட்டை வெளிறியது. வளர்ச்சி அடங்கும்போது சேர்ந்த கட்டை கறுத்தது. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. மரப்பட்டைக்கு அடியில் முதலில் இருப்பது இந்த 2024. அதிலிருந்து உள்ளே நகர்ந்தேன். சில இடங்களில் கோடுகள் தாராளமாக விலகியிருந்தன. பிறகு திடீரென்று ஐந்தாறு கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தலைமயிர் அகலத்துக்கு நெருங்கிக் கிடந்தன. என் கட்டைவிரல் நக அகலத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். நகத்துக்கு அடியில் 30-க்கும் மேற்பட்ட கோடுகள் இருந்தன. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு நகத்துக்குள் அடங்கிவிட்டது.

துளைத்தால் மரம் செத்துவிடாதா என்று வனக்காவலர் கேட்ட கேள்வி என் மனத்திலும் இருந்தது. துளையைப் பிசின் ஊறி அடைத்துவிடும் என்று பேராசிரியர் சொல்லி, சில ஆண்டுகளுக்கு முன்பு துளைக்கப்பட்ட ஒரு மரத்தைக் காட்டினார். பொன்னிறத்தில் ஒரு சொட்டு உறைந்திருந்தது. மரம் பச்சையாகவே இருந்தது.

பிற்பகலில் ஒரு விபரீதம் நடந்தது. ஒரு கிழமரத்தின் உள்ளே அழுகியிருந்த இடத்தில் போரர் போய்ச் சிக்கிக்கொண்டது. முன்னும் நகரவில்லை, பின்னும் வரவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டே ஒருவர் பின்னோக்கித் திருக, ஒன்றரை மணி நேரம் போராடி எடுத்தோம். அவசரத்தில் அதற்கு முந்தைய மரத்தின் கோர் இருந்த காகிதக் குழலை நான் மிதித்துவிட்டேன். குச்சி மூன்று துண்டாக உடைந்திருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டுகளை வரிசை மாறாமல் எடுத்து வைத்து, குழலின்மேல் உடைந்த இடங்களைக் குறித்துக்கொண்டார்கள். பொருத்தி ஒட்டிவிடலாம் என்று சொன்னாலும், இரவு வரை எனக்கு அது ஆறவில்லை. பல நூறு ஆண்டுகள் பாறையில் நின்றபடி அந்த மரம் சேர்த்தது அது.

அக்டோபர் 4, வெள்ளி: மழை, அடுப்பங்கரைப் பேச்சு

விடியலிலிருந்தே தூறல். மேலே பனி விழுந்திருக்கிறது, கைலாஷ் நேற்றைவிட வெளுத்திருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து, ஓக்லா என்னும் நெளிகோதுமை மாவில் சுட்ட ரொட்டியையும் ராஜ்மாவையும் சாப்பிட்டபடி, நேற்று எடுத்த குச்சிகளைப் பள்ளம் வெட்டிய மரச்சட்டங்களில் பசை போட்டு ஒட்டி, நூலால் சுற்றிக் கட்டினோம். ஒட்டும்போது கட்டையின் நார் செங்குத்தாக நிற்கவேண்டும், திரும்பிவிட்டால் வளையமே தெரியாது.

எனக்கு இருந்த பெரிய சந்தேகத்தை இன்றுதான் கேட்டேன். வளையம் அகலம் என்றால் நல்ல ஆண்டு என்பது சரி, ஆனால் அதை எப்படிக் கன அடியாக்குவது? பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். முதலில் பல மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, எல்லா மரங்களும் ஒரே ஆண்டில் குறுகியிருக்கின்றனவா என்று சரிபார்த்து, ஒவ்வொரு வளையத்துக்கும் அதன் ஆண்டை உறுதிசெய்கிறார்கள். இளமரம் இயல்பாகவே அகலமாக வளரும், வயதாக ஆக வளையம் குறுகும். அந்த வயதுப் போக்கைக் கணக்கிட்டு நீக்கிய பிறகு மிஞ்சுவதில்தான் வானிலை இருக்கிறது. அதன் பிறகு, நீரளவு நிலையத்தில் மனிதர் அளந்து எழுதிய ஆண்டுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வைத்து வளையத்துக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள உறவைக் கணக்கிடுகிறார்கள். அந்த உறவு உண்மையானதா என்பதை மற்றப் பாதியில் சோதிக்கிறார்கள். அதில் தேறினால் மட்டுமே, அளவே இல்லாத பழைய நூற்றாண்டுகளுக்கு அதைக் கொண்டுபோகிறார்கள்.

அப்படியென்றால் கம்பத்தில் ஒருவர் ஒழுங்காகப் படித்து எழுதாவிட்டால் மரமும் பேசாது என்று நான் சொன்னதற்கு, அவர் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் காலை ஆறு மணிக்கு எழுதிய எண்களுக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று என் வாழ்நாளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சட்லெஜ்ஜுக்கு இந்த வேலை முன்பே நடந்திருக்கிறது. ஏழு நூற்றாண்டு நீரோட்டத்தை மரவளையத்திலிருந்து மீட்டெடுத்த ஆய்வு 2013-இல் வந்தது. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவன ஆய்வாளர்கள் தேவதாரு மரங்களைக் கொண்டு 1660 முதலான கணக்கை 2015-இல் வெளியிட்டார்கள். பக்கத்துச் சிந்து நதியின் மேற்பகுதிக்கு, எட்வர்ட் குக் தலைமையிலான குழு 1452 வரை பின்னோக்கிப் போயிருக்கிறது.

இவற்றால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பேராசிரியர் சொல்லும் கதை கொலராடோ ஆற்றுடையது. அமெரிக்காவின் ஏழு மாநிலங்கள் 1922-இல் அந்த ஆற்றைப் பங்கு போட்டுக்கொண்டபோது, மேல்பகுதிக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி என்று எழுதினார்கள். நம் கணக்கில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 653 டி.எம்.சி. 1944-இல் மெக்சிகோவுக்கு இன்னும் 15 லட்சம் ஏக்கர்-அடி தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் கையில் இருந்ததெல்லாம் சில பத்து ஆண்டுகளின் அளவு. 1976-இல் ஸ்டாக்டனும் ஜேக்கபியும் மரவளையங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, ஆற்றின் நீண்டகாலச் சராசரி ஏறக்குறைய 135 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது 588 டி.எம்.சி.தான் என்று தெரிந்தது. பங்கு போட்டவர்கள் பார்த்தது பல நூற்றாண்டுகளில் அபூர்வமாக வந்த ஓர் ஈரமான காலம். அதை ஆற்றின் இயல்பு என்று நினைத்து, இல்லாத தண்ணீரைக் காகிதத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பிரம்மபுத்திராவில் இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. 1309 முதல் 2004 வரையிலான அதன் நீரோட்டத்தை மரவளையங்களிலிருந்து கணித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, மனிதர் அளந்த தொடக்கக் காலமான 1956 முதல் 1986 வரையிலான ஆண்டுகள் ஏழு நூற்றாண்டுகளில் மிக வறண்ட காலங்களில் ஒன்று என்று காட்டியது. அந்த அளவை மட்டும் நம்பினால் வெள்ள அபாயத்தை 24 முதல் 38 விழுக்காடு வரை குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.

இதைக் கேட்டுவிட்டு நான் வெகுநேரம் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. காவிரியில் நூற்றுக்கு ஐம்பது ஆண்டுகள் கிடைக்கக்கூடிய நீர் 740 டி.எம்.சி. என்று 2007-ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. அந்த எண்ணை எத்தனை கூட்டங்களில், எத்தனை கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அது எந்தெந்த ஆண்டுகளின் அளவு என்று யோசித்திருக்கிறேன். அதற்கு முந்தைய நானூறு ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நம் தேக்கு மரத்துக்கும் ஆண்டு வளையம் உண்டு, கேரளத்துத் தேக்கு மரங்களைக் கொண்டு பழைய பருவமழையை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று அண்ணன் மகள் சொன்னாள். ஊருக்குப் போனதும் அதைப் பற்றிப் படிக்க வேண்டும்.

அக்டோபர் 5, சனி: காப், நாக்கோ

மழை விட்டுவிட்டது. ஆற்றோடு மேலே போனோம். ஜங்கி வரை சில்கோசா கூடவே வந்தது, பூ என்ற ஊரைத் தாண்டியதும் மரம் என்று சொல்ல எதுவும் இல்லை. பருவமழை மேகங்கள் எட்டிப் பார்க்காத, குளிர்காலப் பனியை மட்டும் நம்பியிருக்கும் நிலம். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு வந்து சட்லெஜ்ஜில் சேர்கிறது. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் இரண்டின் நிறமும் சிறிது தூரத்துக்குக் கலக்காமல் போவது தெரிகிறது.

மரவளையம் எதைச் சொல்லாது என்பதை இங்கே வைத்துத்தான் பேராசிரியர் விளக்கினார். ராம்பூர்க் கடைக்காரர் காட்டிய 2000-ஆம் ஆண்டு வெள்ளமும், மலைச்சரிவால் பாரேச்சு ஆற்றில் உருவான ஏரி 2005-ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று உடைந்து ஸ்பிதி வழியாக வந்த வெள்ளமும், இவர்கள் அளக்கும் வளைய அகலத்தில் இருக்காது. சில மணி நேரத்தில் கடந்துபோன தண்ணீரை மேலே பாறையில் நிற்கும் மரம் அறியாது. வெள்ளம் உருட்டி வந்த பாறை மோதிய கரையோர மரத்தில் மட்டும் வடு இருக்கும், அந்த வடுவின் ஆண்டை வளையம் எண்ணிச் சொல்லிவிடலாம். நல்ல மழைக்காலத்திலும் மரம் தனக்கு வேண்டியது போக மிஞ்சியதைக் குறித்து வைப்பதில்லை. அதனால் வறட்சியை அது சொல்வதைப் போல நிறைவெள்ளத்தைச் சொல்வதில்லை. பனியாறு அதிகம் உள்ள ஆறுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடும் வெயில் அடிக்கும் ஆண்டில் பனியாறு கூடுதலாக உருகி ஆறு பெருகும், அதே வெயிலில் மரம் வாடும். அப்போது இரண்டு கணக்கும் எதிரெதிராகப் போகும். தன் முறையின் குறையை இவ்வளவு தெளிவாகச் சொல்பவரிடம் எனக்கு மதிப்புக் கூடியது.

நாக்கோ 3,600 மீட்டருக்கு மேல். ஏரிக்கரையில் காற்று பல்லைக் கிட்ட வைத்தது. உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொடுத்தார்கள். முதல் மிடறு பிடிக்கவில்லை. இரண்டாவது கிண்ணத்தை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு: கல்பா, கடைசி இரவு

நாளை கிளம்புகிறோம். நேற்று முன்தினம் ஒட்டியவை இன்னும் காயவில்லை என்பதால், சென்ற ஆண்டு எடுத்துப் பழகுவதற்காக வைத்திருந்த ஒரு கோரை என்னிடம் கொடுத்தார்கள். உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் சொரசொரப்பானது, பிறகு அதைவிட மெல்லியது, கடைசியில் விரலுக்குத் துணி போலப் படும் ஒன்று. தேய்க்கத் தேய்க்க மங்கலாக இருந்த கட்டையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கடைசித் தாளுக்குப் பிறகு கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இருந்த நுண்ணறைகள்கூடத் தெரிந்தன.

பென்சிலைக் கூர்மையாக்கிக்கொண்டு பட்டைப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன். வெளியே இருப்பது 2023. பத்தாண்டுக்கு ஒரு புள்ளி, ஐம்பதாவது ஆண்டுக்கு இரண்டு, நூற்றாண்டுக்கு மூன்று. 1990, நான் வேலையில் சேர்ந்த ஆண்டுக்கு முந்தையது. 1970. 1950. மூன்று புள்ளிகளை 1900-இல் வைத்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. சாப்பிடக் கூப்பிட்ட விடுதி அம்மாள், நான் எழாததைப் பார்த்து ரொட்டியைத் தட்டோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் மகள் வந்து, அதே மரத்தின் மறுபக்கத்துக் கோரை என் கோருக்குப் பக்கத்தில் வைத்தாள். நெருங்கிய கோடுகளின் வரிசைகள் இரண்டிலும் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தன, ஓரிடம் வரை. அதற்குப் பிறகு என் புள்ளிகள் எல்லாம் ஒரு கோடு தள்ளியிருந்தன. கடும் வறட்சி ஆண்டு ஒன்றில் மரம் இந்தப் பக்கத்தில் வளையமே போடவில்லை, மறுபக்கத்தில் மட்டும் நூலிழை போல ஒன்று இருக்கிறது என்று காட்டினாள். நான் 1970 என்று குறித்தது 1969. நான் 1900 என்று குறித்தது 1899.

"ஒரு மரத்தை மட்டும் நம்பினா இப்படித்தான் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, அழிப்பானை என் பக்கம் நகர்த்தினாள். மறுபக்கத்துக் கோரைச் சாய்வாக வைத்துக்கொண்டு, தவறிய அந்த ஆண்டுக்கு நேராக என் குச்சியில் ஒரு சிறு குறியிட்டேன். பிறகு அதற்கு உள்ளே இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்து, ஒரு கோடு வெளியே தள்ளி மறுபடியும் வைக்கத் தொடங்கினேன்.